ஏறியவர்களின் பெயர் என்ன?

செஞ்சி என்று சொன்னவுடனே நமக்குத் தேசிங்கு ராஜனின் ஞாபகம் வந்துவிடுகிறது. அவன் ஆண்டது ஓராண்டு காலம்கூட இல்லை. 1714-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும் படைக்கு எதிரே ஒரு சிறு கூட்டத்துடன் பாய்ந்து உயிரை விட்டான். அந்த ஒரு நாள் வீரம் போதுமானதாயிற்று. தெருக்கூத்திலும் நாட்டுப் பாடலிலும் பிறகு திரைப்படத்திலும் அவன் சிரஞ்சீவியாகிவிட்டான். அவன் மட்டுமா? அவனைச் சுமந்த குதிரைக்கும் பெயர் உண்டு. பாராசாரி என்று சொன்னால் வடாற்காடு தென்னாற்காடு ஜில்லாக்களின் பழைய தலைமுறைக்கு உடனே தெரியும்.

நல்லது. வீரனைப் பாடுவதும் அவன் குதிரையைப் பாடுவதும் தமிழனின் குணம். அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால், கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். ஒரு கோட்டையைப் பற்றிப் பேசும்போது அதைக் கட்டியவன் பெயரைச் சொல்கிறோம். அதை ஆண்டவன் பெயரைச் சொல்கிறோம். அதைக் காத்து மாண்டவன் பெயரைச் சொல்கிறோம். அதன்மேல் ஏறியவன் பெயரை ஏன் சொல்வதில்லை? அதிலும் செஞ்சியைப் போன்ற ஒரு மலைக்கோட்டையில் ஏறுவது என்பது சாதாரணக் காரியமா?

மேல்மலையனூர் அங்காளம்மனைத் தரிசிக்க அமாவாசைதோறும் பல்லாயிரம் பேர் செஞ்சி வழியாகப் போகிறார்கள். பஸ்ஸின் ஜன்னல் வழியாக அவர்கள் பார்க்கும் காட்சி விசித்திரமானது. மலை என்றால் மரமும் செடியும் மண்ணும் கலந்த ஒரு மேடு என்றுதான் நாம் நினைப்போம். செஞ்சி மலைகள் அப்படியல்ல. யாரோ ஒரு ராட்சசக் குழந்தை கருங்கல் உருண்டைகளை வாரி வந்து குவித்துவிட்டு, விளையாட்டு சலித்து எழுந்து போய்விட்டதைப் போல இருக்கின்றன. இந்தப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள் என்று நிலநூல் வல்லவர்கள் சொல்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் வெங்காயத்தோல் உரிவதைப்போல் ஏடு ஏடாக உரிந்து உரிந்து, விளிம்புகள் தேய்ந்து, பாறை வழவழவென்று ஆகிவிடுகிறது. பிடித்துக்கொள்ள ஒரு முனை இல்லை. கால் வைக்க ஒரு பல் இல்லை. கோட்டை கட்டியவர்களுக்கு வேண்டியதும் இதுதான்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் முக்கோணமாக இணைத்துச் சுமார் 3 மைல் சுற்றளவுக்கு மதில் எழுப்பினார்கள். மூன்றிலும் உயர்ந்தது ராஜகிரி. ஏறத்தாழ 800 அடி. அதன் உச்சி ஒரு தனிப் பாறை. முதுகெலும்பு போல நீண்டு வரும் மலை, அந்தப் பாறைக்கு எதிரே வந்ததும் சட்டென்று அறுந்துவிடுகிறது. இடையே சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவு. அதன்மேல் ஒரு மரப்பாலம். பாலத்தை இழுத்துவிட்டால் அப்பால் இருப்பவர்கள் ஆகாயத்தில் இருப்பவர்கள்தான். பாறையோ சில இடங்களில் செங்குத்தையும் கடந்து, குடை விரித்தாற்போல் முன்னுக்குத் தள்ளி நிற்கிறது. இந்தப் பிளவின் வாசலைப் பத்துப் பேர் நின்றால் ஒரு சேனையிடமிருந்து காத்துவிடலாம் என்று சொல்வார்கள்.

வள்ளுவர் அரணைப் பற்றிப் பேசும்போது உயரம், அகலம், உறுதி, நெருங்குவதற்கு அருமை என்று நான்கு இலட்சணங்களை எண்ணிக் காட்டுகிறார். நான்கும் செஞ்சிக்கு உண்டு. ஆனால் அந்த அதிகாரத்தை முடிக்கும்போது அவர் ஒரு கொக்கி போடுகிறார். எத்தனை மாட்சி இருந்தாலும், உள்ளே இருப்பவர்களிடம் செயல்திறம் இல்லையென்றால் அரண் இல்லாததுபோலத்தான் என்கிறார். செஞ்சியின் சரித்திரம் முழுவதும் இந்தக் கடைசிக் குறளுக்கு எழுதிய உரை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மலையில் ஏறும் வித்தை தமிழனுக்குப் புதிதல்ல. செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலையைத் தாண்டி, செங்கம் இருக்கிறது. அந்தச் செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாத்தில், குரங்குகூடத் தன்னால் ஆகாது என்று விட்டுவிட்ட நெட்டைப் பாறையில் மனிதர்கள் ‘மால்பு’ சார்த்தி ஏறித் தேனெடுக்கும் காட்சி வருகிறது. மால்பு என்றால் கணுக்கணுவாகக் கால் வைத்து ஏறும் மூங்கில் ஏணி. அந்தச் சொல்லை நாம் மறந்துவிட்டோம், தொழில் மறையவில்லை. நீலகிரிக் குறும்பர்கள் கொடியால் ஏணி பின்னிப் பாறை விளிம்பிலிருந்து தொங்கி மலைத்தேன் எடுப்பவர்கள். செஞ்சிக்குக்கூட ஆதிகாலத்துச் செவிவழிக் கதை ஒன்று உண்டு. ஆட்டிடையர் குலத்து ஆனந்தக் கோன் என்பவன் இந்த மலைச்சரிவில் ஆடு மேய்க்கும்போது புதையல் கண்டெடுத்து, சுமார் 1200-ஆம் ஆண்டை ஒட்டி முதல் கோட்டையைக் கட்டினானாம். கதை மெய்யோ பொய்யோ, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ராஜகிரிக்கு முதலில் வழி கண்டவை ஆடுகளாகத்தான் இருக்க வேண்டும்!

இனி ராஜாக்களின் காலத்துக்கு வருவோம். 1677-ல் சிவாஜி மகாராஜா இந்தக் கோட்டையைப் பெரிய முற்றுகை ஏதும் இல்லாமலே பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம், முகலாயப் படையிடமிருந்து தப்பி 1689-ல் இங்கே வந்து சேர்ந்தான். அடுத்த ஆண்டே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் கோட்டையை வளைத்துக்கொண்டான். முற்றுகை ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. உலகத்தையே கட்டி ஆண்ட பாதுஷாவின் சேனை ஏழு வருஷம் இந்தப் பாறைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. சுல்பிகர் கானுக்கு வெற்றி பெற மனமில்லை, உள்ளுக்குள் ராஜாராமோடு உறவு வைத்திருந்தான் என்று அந்தக் காலத்திலேயே பேசிக்கொண்டார்கள். கடைசியில் ராஜாராம் கோட்டையை விட்டு வெளியேறிய பிறகு, 1698-ன் தொடக்கத்தில், தல்பத் ராவ் என்ற புந்தேலா தலைவனின் ஆட்கள் வடக்குப் பக்கத்து மதிலில் ஏறி உள்ளே குதித்தார்கள். தல்பத் ராவிடம் வேலை பார்த்த பீம்சேன் என்பவர் பாரசீக மொழியில் தம் நினைவுகளை எழுதி வைத்ததால் தல்பத் ராவின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. முதல் ஆளாக மதிலில் கை வைத்த புந்தேலாவின் பெயரை நம்மில் யாரும் அறியோம்.

ஏழு ஆண்டு பிடித்த காரியம் பிறகு ஓர் இரவில் முடிந்தது. அதுதான் செஞ்சிச் சரித்திரத்தின் அதிசயமான இரவு.

1750-ஆம் ஆண்டு. ஆற்காட்டு நவாப் பதவிக்கு ஒருபுறம் சந்தா சாகிப். மறுபுறம் முகம்மது அலி. சந்தா சாகிப்பின் பின்னால் புதுச்சேரியில் டூப்ளே. முகம்மது அலியின் பின்னால் ஆங்கிலேயர். செப்டம்பர் முதல் தேதி, பெண்ணையாற்றங்கரையில் திருவதிக்கு அருகே, பிரெஞ்சுப் படையிடம் முகம்மது அலி படுதோல்வி அடைந்தார். சிதறி ஓடிய அவருடைய ஆட்கள் செஞ்சிக் கோட்டையின் நிழலில் போய் ஒதுங்கினார்கள். டூப்ளே உடனே புஸ்ஸியை அனுப்பினார். புஸ்ஸிக்கு அப்போது முப்பது வயதை ஒட்டிய பருவம். அவனோடு முன்னணியாகச் சென்றவர்கள் 250 ஐரோப்பியர், 1,200 சிப்பாய்கள், 4 பீரங்கிகள். பெரிய படை பின்னால் வந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 11-ந் தேதி மதிலுக்கு வெளியே நடந்த சண்டையில் நவாபின் ஆட்கள் கலைந்து உள்ளே ஓடினார்கள். இருட்டிய பிறகு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வாசற்கதவை வெடிவைத்துத் தகர்த்துக் கீழ்க்கோட்டைக்குள் புகுந்துவிட்டார்கள். ஆனால் என்ன பயன்? மூன்று மலைகளிலிருந்தும் குண்டுகளும் வாணங்களும் மழையாகப் பொழிந்தன. கீழே இருப்பவன் கிணற்றுக்குள் இருப்பவன் மாதிரி. வளர்பிறைக் காலம், நிலா வேறு காய்கிறது. ஆகவே புஸ்ஸி தன் ஆட்களை மறைவில் நிறுத்திக் காத்திருந்தான். எதற்காக? நிலா மறைவதற்காக!

நள்ளிரவு கழிந்து நிலா விழுந்தது. மூன்று பிரிவுகள் மூன்று மலைகளிலும் ஒரே நேரத்தில் ஏறத் தொடங்கின. கையில் உருவிய வாள், எதிரே இருட்டு. ஒவ்வொரு தடுப்பரணாகப் பிடித்து மேலே மேலே போனார்கள். உச்சிக்குப் போகப்போக மதில் பலமாயிற்று. அங்கும் கதவுகளுக்கு வெடி வைத்தார்கள். பொழுது விடிந்தபோது மூன்று மலைகளின் சிகரங்களும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. மலை ஏறியதில் அவர்கள் இழந்தது ஏறத்தாழ 20 பேர்தான். ஆங்கிலேயர் பக்கத்துச் சரித்திரக்காரரான ராபர்ட் ஓர்ம் இதை எழுதும்போது, பகல் வெளிச்சத்தில் தாங்கள் ஏறிவந்த இடத்தைக் குனிந்து பார்த்தவர்களுக்கே ஆச்சரியமாகப் போயிற்று என்று குறிப்பிடுகிறார்.

அந்த இரவைச் சற்று எண்ணிப் பாருங்கள். பகலில், படிக்கட்டில், தண்ணீர்ப் பாத்திரத்துடன் ராஜகிரி ஏறுகிறவர்களுக்கே பாதி வழியில் மூச்சு வாங்குகிறது, முழங்கால் சிணுங்குகிறது. அந்தச் சிப்பாய்க்குத் துப்பாக்கியின் சுமை வேறு. மேலிருந்து உருளும் கல் எது, பாறை எது என்று தெரியாது. இடது கையால் தடவிப் பார்த்து, வலக்கையில் வாளைப் பிடித்துக்கொண்டு, முன்னே போகிறவனின் குதிகாலைக் குறியாக வைத்து ஏறியிருப்பான். அவன் எந்த ஊர்? வீட்டில் யார் காத்திருந்தார்கள்? டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எத்தனையோ துரைகளுக்கும் வர்த்தகர்களுக்கும் அவர் எழுத்தால் ஆயுள் கிடைத்தது. ராஜகிரியில் இருட்டில் ஏறிய சிப்பாய்க்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. புஸ்ஸியின் கீர்த்தியோ ஐரோப்பா வரைக்கும் போயிற்று.

அந்த ஏற்றத்தின் மதிப்பை அடுத்து வந்தவர்கள் நமக்குக் காட்டுகிறார்கள். 1752-ல் ஆங்கிலேய மேஜர் கின்னீர் ஒரு படையோடு செஞ்சிக்கு வந்தார். சரணடையுமாறு சொல்லி அனுப்பினார். பிரெஞ்சு மன்னருக்காக இந்தக் கோட்டையைக் காக்கிறோம், காப்போம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. கின்னீர் மலையைப் பார்த்தார், தம் படையைப் பார்த்தார், திரும்பிவிட்டார். திரும்பும் வழியில் விக்கிரவாண்டியில் பிரெஞ்சுக்காரரிடம் அடியும் பட்டார். பிறகு 1761-ல், புதுச்சேரியே விழுந்த பின்னர், காப்டன் ஸ்டீபன் ஸ்மித் வந்தார். ஏணி வைத்துக் கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டார். ஆனால் ராஜகிரியில் இருந்த மக்கிரெகர், ஒரு லட்சம் பேர் வந்தாலும் மூன்று ஆண்டுகளில் இதைப் பிடிக்க முடியாது என்று சொல்லி அனுப்பினானாம். ஆயினும் ஏப்ரல் 5-ந் தேதி அவனே நிபந்தனை பேசி இறங்கி வந்தான். கீழே காத்திருந்த ஆங்கிலேயர் பக்கத்துச் சிப்பாய்களில் ஏறக்குறைய 300 பேர் அதற்குள் செஞ்சியின் விஷக்காற்றிலும் காய்ச்சலிலும் செத்துப்போயிருந்தார்கள். அவர்களுக்கும் பெயர் இல்லை.

ஆகப் பாறை ஒன்றுதான். ஏழு வருஷம் ஒருவனை நிறுத்தி வைத்தது. ஒரே இரவில் இன்னொருவனுக்கு வழிவிட்டது. மூன்றாமவனைப் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பியது. மலை யார் கட்சியும் அல்ல. மேலே நின்றவனின் மனமும் கீழிருந்து ஏறியவனின் துணிவும்தான் வித்தியாசத்தைச் செய்தன.

மகாராஷ்டிரத்திலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. 1670-ல் தானாஜி மாலுசரே இரவில் கொண்டானா மலைக்கோட்டையின் செங்குத்தான பக்கத்தில் ஏறிப் பிடித்து, அந்தச் சண்டையிலேயே உயிர் நீத்தார். உடும்பின் இடுப்பில் கயிற்றைக் கட்டி மேலே ஏற்றி, அது பாறையைக் கவ்விக்கொண்டதும் கயிற்றைப் பற்றி வீரர்கள் ஏறினார்கள் என்று அங்கே பாடுகிறார்கள். உடும்புப் பிடி என்று நாமும் சொல்கிறோமே, அதேதான். சரித்திரக்காரர்கள் இதை நம்புவதில்லை; பாடலுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த உடும்புக்கும் யசவந்தி என்று ஒரு பெயர் உண்டு! குதிரைக்குப் பெயர் உண்டு. உடும்புக்குப் பெயர் உண்டு. கயிற்றைப் பற்றி ஏறியவர்களில் அநேகருக்கு இல்லை.

இதே பாறை ஏற்றம் இன்று உலகத்தில் ஒரு விளையாட்டாக மாறிவிட்டது. 1985-ல் இத்தாலியில் பார்தொனெக்கியா என்ற ஊரில் பாறையிலேயே போட்டி வைத்தார்கள். 2021-ல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றுவிட்டது. இந்த ஆட்டத்துக்கு எவரெஸ்ட் வேண்டாம்; 60 அடி, 80 அடிப் பாறை போதும். ஆனால் பாறை முன்னுக்குத் தள்ளி நிற்க வேண்டும். ஏறுகிறவனின் முதுகு தரையைப் பார்க்க வேண்டும். உடம்பின் பாரம் முழுவதும் விரல் நுனிகளில் தொங்கும். பாறையில் துளை போட்டு ஆணிகள் அடித்திருப்பார்கள். ஏறப்போவதற்கு ஏற்றாற்போல் இடுப்புக் கயிற்றை அதில் கோத்துக்கொண்டே போக வேண்டும். கயிறு மேலே தூக்காது. தவறினால் தாங்கும், அவ்வளவே. கீழே ஒரு தோழன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கண்ணிமைக்காமல் நிற்பான்.

தாய்லாந்தின் தெற்கே, கிராபி மாகாணத்தில், ரைலே என்ற கடற்கரை இந்த விளையாட்டுக்குப் பேர்போனது. அங்கே சுண்ணாம்புப் பாறைகள் கடலிலிருந்து நேரே எழுந்து நிற்கின்றன. மழைநீர் அரித்து அரித்து அவற்றில் குழிகளும் தொங்கூசிகளும் உண்டாகியிருப்பதால், நம் செஞ்சிக் கருங்கல்லில் கிடைக்காத பிடி அங்கே கிடைக்கிறது. உப்புக் காற்று எஃகு ஆணிகளை உள்ளுக்குள்ளே அரித்து முறித்துவிடுவதால் டைட்டேனியம் என்ற உலோகத்தில் ஆணி செய்து அடிக்கிறார்கள். 1980-களின் இறுதியிலிருந்து உலகமெங்குமிருந்து வாலிபர்களும் யுவதிகளும் அங்கே வந்து தொங்குகிறார்கள்.

அவர்களுடைய வழக்கம் ஒன்று என் மனத்தைக் கவர்ந்தது. ஒரு பாறையில் ஒரு வழியை முதலில் ஏறி முடித்தவருக்கே அந்த வழிக்குப் பெயர் சூட்டும் உரிமை. பெயர், கடினத்தின் அளவு, ஏறியவர், ஏறிய ஆண்டு எல்லாம் புத்தகத்தில் பதிவாகும். அடுத்து ஏறுகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஏறுவார்கள். 80 அடிப் பாறைக்கு இத்தனை மரியாதை!

அதே கிராபி மாகாணத்தில், குளோங்தோம் என்ற இடத்தில், ஒரு சின்னஞ்சிறு உரைகல் அகப்பட்டது. பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கும் கல். அதில் தமிழ் எழுத்து. பெரும்பதன் கல் என்று படித்திருக்கிறார்கள். கி.பி. 3, 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கடல் கடந்து போன ஒரு தமிழ்ப் பொற்கொல்லன், உள்ளங்கையில் அடங்கும் கல்லில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டான். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது அழியவில்லை. செஞ்சியிலோ மலையளவு கல் இருக்கிறது. ஏறியவன் பெயரைப் பொறிக்க ஒரு சாண் இடம் கிடைக்கவில்லை.

நம் நாட்டிலும் இந்த விளையாட்டு வளர்ந்து வருகிறது. பாதாமியின் மணற்பாறைகளிலும் ஹம்பியின் கருங்கல் உருண்டைகளிலும் இளைஞர்கள் ஏறிப் பழகுகிறார்கள். சித்ரதுர்க்கக் கோட்டையில் பாறை இடுக்கு வழியாக ஒவ்வொருவராக நுழைந்த ஹைதர் அலியின் சிப்பாய்களை ஓபவ்வா என்ற காவற்காரன் மனைவி உலக்கையால் அடித்து வீழ்த்தினாள் என்பது கன்னட நாட்டின் பிரசித்தமான கதை. அதே கோட்டைச் சுவரில் கயிறும் ஆணியும் இல்லாமல் வெறுங்கையோடு ஏறிப் பார்ப்பவர்களைத் திகைக்க வைத்த ஜோதிராஜ், நம் தேனிச் சீமையில் பிறந்தவர். கன்னடியர்கள் அன்போடு அவருக்கு வைத்த பெயர் கோத்தி ராஜா. அதாவது குரங்கு ராஜா. ஏறுகிறவனுக்கு நம் நாட்டில் பெயர் கிடைக்கும் காலம் வந்துவிட்டது என்று இதைக் கண்டு மகிழலாம்.

இப்படிச் சொல்வதால் செஞ்சியிலும் ஆணி அடித்து விளையாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம். அதில் ஒரு துளை போடுவதும் தவறு. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ சபை மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். இனி அங்கே வருகிறவர்கள் அதிகமாவார்கள். புதிய பலகைகளும் எழுதப்படும். அவற்றில் கோன், நாயக்கர், சிவாஜி, ராஜாராம், தேசிங்கு, புஸ்ஸி எல்லாரும் இருக்கட்டும்.

ராஜகிரியின் அடிவாரத்தில், படி தொடங்கும் இடத்தில், இன்னும் ஒரே ஒரு பலகைக்கு இடம் விட்டால் போதும். 1698-ல் மதில் தாண்டிய புந்தேலாக்களும், 1750-ல் நிலா மறைந்த பின் ஏறிய சிப்பாய்களும், 1761-ல் அடிவாரத்தில் காய்ச்சலில் மடிந்தவர்களும், மேலே நின்று அவர்களைத் தடுத்து விழுந்தவர்களும் இந்த வழியாகத்தான் போனார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்று அதில் எழுதலாம். ஏற வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு முதற்படியில் கால் வைக்கட்டும்.